பாதி விலைச் சாப்பாடும் முழு விலைக் கணக்கும்



சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் சாலையில், கடைசி ஏற்றத்திற்குச் சற்று முன்பாக, நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் சிறிய உணவகம் ஒன்றை நடத்தி வருகிறார்கள். தகரக் கூரை, ஆறு மேசைகள், வாசலில் ஒரு பஜ்ஜிச் சட்டி. பகலில் சாப்பாடு, மாலையில் மிளகாய் பஜ்ஜியும் தேநீரும். காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரும் ஜீப் ஓட்டுநர்களும் அன்றாடம் அங்கே உண்கிறார்கள். மே மாதம் வந்துவிட்டால் கோடை விழாவுக்கும், மலைவாழ் மக்கள் திரளாகக் கூடும் கோயில் திருவிழாவுக்கும் வருகிறவர்களால் அந்தச் சாலையே நிரம்பிவிடும். 5,326 அடி உயரத்தில் காற்று வீசும்போது சூடான சோற்றுக்கு இருக்கும் மதிப்பைச் சமவெளியில் இருப்பவர்களுக்கு எழுத்தால் விளக்குவது கடினம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஏப்ரல் மாத மாலையில், அந்தத் தம்பதியர் குருமனைக்கு வந்து ஓர் ஆலோசனை கேட்டார்கள். நான் ஆலோசனை சொன்னேன். அது தவறான ஆலோசனை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பணி ஓய்வு பெறும் நம் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் பரிசாகச் சேலத்தில் உள்ள ஒரு பெரிய உணவகத்தின் கூப்பனை வாங்கலாமா என்று வாலிபர் கூட்டத்தின் பிள்ளைகள் கடந்த வாரம் கேட்டார்கள். ஆயிரம் ரூபாய்க் கூப்பன் நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். 'லாபந்தானே ஐயா?' என்றார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு அனுபவங்கள் என் வாயை அடைத்தன. ஒன்றில் நான் கூப்பனை வைத்து உண்டவன். மற்றொன்றில் கூப்பனை விற்கும்படி ஏவியவன்.

முதலாவது, உண்ட கதை. அது சிறியது, வேடிக்கையும் உண்டு.

எங்கள் திருமண வெள்ளி விழாவுக்கு இதே வாலிபர் கூட்டம் இரண்டு கூப்பன்களைப் பரிசளித்தது. ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய் மதிப்பு. ஒவ்வொன்றையும் நானூறு கொடுத்து வாங்கியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கியது என்பதால் எனக்கும் என் துணைவியாருக்கும் அது மிகவும் அருமையாக இருந்தது. தொண்ணூறு நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. திருமணங்கள், அடக்க ஆராதனைகள், ஆலோசனைக் கூட்டங்கள் என்று நாட்கள் ஓடின. எண்பத்தெட்டாவது நாள், ஒரு வியாழக்கிழமை, சபையார் ஒருவரின் காரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போனோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் கூப்பன் செல்லாது. அதைப் போகிற வழியில்தான் என் துணைவியார் கைப்பேசியில் படித்துச் சொன்னார்.

மேசையில் அமர்ந்த பிறகு மற்ற நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஒரு மேசைக்கு ஒரு கூப்பன்தான். குறைந்தது இரண்டாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் வழக்கமாக வெளியே உண்டால் நானூறு ரூபாயைத் தாண்டமாட்டோம். அன்று இரண்டாயிரத்தை எட்டுவதற்காக, பெயர் தெரியாத இரண்டு பலகாரங்களையும் ஒரு மீன் வறுவலையும் வரவழைத்தோம். நான் பட்டியலைப் பார்த்து உணவைத் தேடவில்லை, எண்களைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். 2,040 ரூபாய் ஆயிற்று. அதன்மேல் சேவைக் கட்டணம் ஐந்து விழுக்காடு, 102 ரூபாய். இரண்டையும் கூட்டிய தொகைக்கு ஐந்து விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, ஏறத்தாழ 107 ரூபாய். ஆயிரத்தைக் கழித்துவிட்டு வரி போடக்கூடாதா என்று கேட்டேன். கூப்பன் தள்ளுபடியல்ல, முன்னரே செலுத்திய பணம். ஆகையால் வரி முழுத் தொகைக்கும் உண்டு என்றார் காசாளர். ஆக, கையிலிருந்து 1,249 ரூபாய் கொடுத்தோம். காருக்கு எரிபொருள் 500. பிள்ளைகள் கொடுத்த 800. நானூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய ஓர் இரவு உணவுக்கு நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து 2,549 ரூபாய் செலவிட்டோம். இரண்டாவது கூப்பன் இரண்டு நாட்களில் காலாவதியாயிற்று.

சேவைக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, உங்களில் யாருக்காவது பயன்படும். அதை உணவகம் தானாகவே பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொடுப்பதும் கொடாததும் உண்பவரின் விருப்பம். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வெள்ளி விழா இரவில் வழக்காடியிருக்க மாட்டேன்.

அன்று எங்களுக்குப் பரிமாறிய தம்பி நம் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வேலைக்காக இறங்கிப் போனவர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். புறப்படும்போது அவர் கையில் சிறிது பணத்தை வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, 'கூப்பன் மேசைக்கு யாரும் வைக்க மாட்டாங்கய்யா. நாங்க அதை எதிர்பார்க்கிறதே இல்லீங்க' என்றார். அதில் மனக்கசப்பு இல்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதைப் போலச் சொன்னார். அவர் சுமந்த தட்டுகள் இரண்டாயிரம் ரூபாய்க்கு உரியவை. விருந்தினரின் கண்ணுக்கோ ஆயிரம் ரூபாய் மட்டுமே தெரிகிறது. தள்ளுபடியின் ஒரு பகுதியை அந்தத் தம்பி செலுத்துகிறார், யாரும் அவரிடம் கேட்காமலேயே.

இனி இரண்டாவது கதை. இது வேடிக்கையானதல்ல.

கைப்பேசிச் செயலி நிறுவனம் ஒன்றின் இளைஞர் கோயில் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதைப் போன்றவை பல உண்டு. அவர் வைத்த ஏற்பாடு இதுதான்: உணவகத்தின் பெயரில் 500 ரூபாய் மதிப்புள்ள கூப்பனைச் செயலி 250 ரூபாய்க்கு விற்கும். அந்த 250இல் பாதி நிறுவனத்திற்கு. மீதி 125 ரூபாய் உணவகத்திற்கு, பதினைந்து நாட்கள் கழித்து. தம்பதியர் இதைக் கேட்டுவிட்டுக் குழம்பிப்போய் என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதை அவர்கள் திறக்கவுமில்லை. நான் திறந்து காட்டும்படி கேட்கவுமில்லை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் தாலந்துகளின் உவமையைக் குறித்துப் பிரசங்கித்திருந்தேன். அதே சூட்டில், 'பயந்து மண்ணில் புதைத்து வைக்காதீர்கள், ஊரெல்லாம் உங்கள் பெயரை அறியட்டும், சேர்ந்துகொள்ளுங்கள்' என்றேன். நிரம்பிய மேசை என்றால் நிறைந்த வருமானம் என்பதே என் எண்ணம். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதும் அதே ஆண்டவர் சொன்னதே. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

மே மாதத்தின் இரண்டு வாரங்களில் 140 கூப்பன்கள் வந்தன. மேசைகள் நிரம்பின, நான் மகிழ்ந்தேன். அவர்களுடைய கணக்கு இப்படி முடிந்தது. ஒரு கூப்பனுக்குப் பரிமாறிய 500 ரூபாய் உணவில் அரிசி, பருப்பு, கோழி, எண்ணெய், காய்கறி ஆகியவற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 200 ரூபாய். மலைக்கு ஏற்றிவரும் வண்டிக்கூலியால் எங்களுக்கு எல்லாமே சற்று விலை அதிகம். 140 கூப்பன்களுக்கு 28,000 ரூபாய் கையிலிருந்து போயிற்று. வந்தது 17,500. குறைவு 10,500. அடுப்பு எரிந்த எரிவாயு, பாத்திரம் துலக்க வைத்த இரண்டு பெண்களின் கூலி, வாடகை ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. அந்த 17,500உம் ஜூன் மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் மளிகைக் கடைக்காரர் மே மாதத்திலேயே பணம் கேட்டார். அம்மாள் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார்.

இதைவிடப் பெரிய இழப்பு நோட்டுப் புத்தகத்தில் ஏறாதது. ஆறு மேசைகளும் கைப்பேசியை நீட்டுகிறவர்களால் நிரம்பியிருந்தபோது, நாள்தோறும் முழு விலை கொடுத்து உண்ட ஜீப் ஓட்டுநர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஜூன் மாதம் சுற்றுலாப் பயணிகள் மலையிறங்கிவிட்டார்கள். ஓட்டுநர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் வேறொரு கடையில் சாப்பிட்டுப் பழகிய நாக்கைத் திருப்புவது எளிதல்ல. கூப்பனோடு வந்தவர்களோ பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள். அடுத்த வருடம் ஏற்காட்டுக்கு வருவார்களோ உதகைக்குப் போவார்களோ யார் அறிவார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்மாள், 'நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க' என்று சொல்லி எனக்குத் தேநீர் வைத்தார். அந்தத் தேநீரைக் குடிப்பது கடினமாயிருந்தது.

அதற்குப் பிறகே இந்தக் கூப்பன் என்னும் பொருளைக் குறித்து நான் படிக்கலானேன். முன்பே படித்திருக்க வேண்டும். இது புதிதல்ல, அமெரிக்காவில் 1887ஆம் ஆண்டு வாக்கில் கோகோ கோலா நிறுவனத்தார் ஒரு குவளை பானத்தை இலவசமாகப் பெறும் சீட்டுகளை வழங்கினார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது: பொருளைச் செய்தவனே சீட்டையும் கொடுத்தான், அதன் செலவையும் அவனே ஏற்றான். 2008 நவம்பரில் சிகாகோவில் குரூப்பான் என்ற நிறுவனம் புறப்பட்டபோது மூன்றாவது ஒருவர் நடுவே வந்து அமர்ந்தார். அவர்களுடைய முதல் விற்பனையே ஒரு பீட்சாவின் விலைக்கு இரண்டு பீட்சா என்பதுதான். பாதி விலைக்கு விற்று, அந்தப் பாதியிலும் பாதியை எடுத்துக்கொள்ளும் முறை அவர்களால் உலகெங்கும் பரவிற்று. நம் கோயில் சாலைக்கு வந்த இளைஞர் கொண்டுவந்ததும் அதே வாய்ப்பாடுதான்.

2010இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் உத்பல் தோலாக்கியா என்ற பேராசிரியர், குரூப்பான் வழியாக விற்ற 150 வணிகர்களை ஆராய்ந்தார். 66 விழுக்காட்டினருக்கு லாபம்; 32 விழுக்காட்டினருக்கு லாபமில்லை. நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மறுபடியும் இதைச் செய்யமாட்டோம் என்றார்கள். மிகவும் இடர்ப்பட்டவர்கள் உணவகத்தார். இது ஏன் என்பதை எங்கள் அம்மாளின் நோட்டுப் புத்தகமே சொல்லும். அழகு நிலையத்தில் காலியாக இருக்கும் ஒரு மணி நேரத்தைப் பாதி விலைக்கு விற்றால் பெரிதாக நஷ்டமில்லை. அந்த மணி நேரம் எப்படியும் வீணாகப் போயிருக்கும். சோறு அப்படியல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் அரிசி வேண்டும்.

அதே ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு சிறிய காப்பிக் கடையின் உரிமையாளர், 13 டாலர் மதிப்புள்ள பொருளை 6 டாலருக்கு விற்ற தன் அனுபவத்தை எழுதினார். மூன்று மாதங்களில் ஏறத்தாழ 8,000 டாலர் இழந்து, பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கத் தன் சொந்தச் சேமிப்பை எடுத்ததாக அவர் கூறினார். 2011இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் சிறிய கேக் கடை நடத்திய ஒரு பெண்மணி 75 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தார். 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 சிறு கேக்குகளைச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து ஆட்களை அமர்த்தி, அந்த ஆண்டின் லாபம் முழுவதையும் விழுங்கிய 12,500 பவுண்டு இழப்போடு அவர் தன் வாக்கைக் காப்பாற்றினார். கடல் கடந்து இருப்பவர்களானாலும் இவர்கள் எனக்கு நம் சபையார் போலவே தோன்றுகிறார்கள்.

நம் நாட்டுக்குள் வந்தால், 2013 செப்டம்பரில் வெங்காயம் விலையேறிக் கிடந்த நாட்களில் குரூப்பானின் இந்தியக் கிளை கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் விற்று, வந்து குவிந்தவர்களால் அதன் இணையதளமே முடங்கிப்போனது. 2017 நவம்பரில் ஸொமேட்டோ கோல்டு வந்தது. ஆண்டுச் சந்தா செலுத்தியவர், பட்டியலில் உள்ள உணவகங்களில் ஒரு பதார்த்தம் வாங்கினால் மற்றொன்று இலவசம். அந்த இலவசத்தைக் கொடுத்தது செயலி அல்ல, உணவகம். சந்தாப் பணமோ செயலிக்குச் சேர்ந்தது. இந்த ஏற்பாடு எவ்வளவு காலம் தாங்கும்? 2019 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தினத்தைத் தேர்ந்தெடுத்தே, குருகிராமில் நூற்றுக்கணக்கான உணவகங்கள் இத்தகைய தள்ளுபடிச் செயலிகளை விட்டு வெளியேறின. இந்திய தேசிய உணவகச் சங்கம் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கிற்று. சில நாட்களுக்குள் பல நகரங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான உணவகங்கள் சேர்ந்துகொண்டன. பெருநகரத்துப் பெரிய முதலாளிகளாலேயே தாங்கக் கூடாத சுமை அது. அதை நான் தகரக் கூரையின்கீழ் ஆறு மேசை போட்டவர்களின் தோளில் வைத்தேன்.

செயலிகளின் பக்கத்திலும் பேச ஒரு வழக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. விளம்பரம் செய்யப் பணமில்லாத புதிய கடைக்கு முதல் நூறு பேரைக் கொண்டுவந்து சேர்ப்பது சிறிய உதவியல்ல. 2019 அக்டோபரில், உலக உணவு நாளன்று, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை ஐந்து பைசா நாணயம் கொண்டுவருகிறவர்களுக்குப் பிரியாணி என்று அறிவித்தது. விடியற்காலை முதலே வரிசை நின்றது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 உடன் செல்லாதவையாகிவிட்டன என்பதை நினைத்தால், அந்தக் கடைக்காரர் இலவசமாகவே கொடுத்தார் என்றாகிறது. ஆனால் பாருங்கள்: எத்தனை பேருக்கு என்பதையும், எந்த நாள் என்பதையும் அவரே வரையறுத்தார். இத்தனை பேரோடு முடிந்தது. அந்த வரையறை செலவழிக்கிறவன் கையில் இருக்கும்வரை தள்ளுபடி நல்ல பணியாள். வயலின் ஓரங்களை ஏழைகளுக்கு விட்டுவிடும்படி பழைய ஏற்பாட்டில் கட்டளை உண்டு. போவாஸ் தன் வயலில் ரூத்துக்காக மனமுவந்து கதிர்களைச் சிந்தவிட்டதையும் நாம் வாசித்திருக்கிறோம். ஆனால் நடுவே ஒரு தரகர் நின்று, வயலின் பாதியைத் தானே சீட்டுப்போட்டு விற்றதாக எங்கும் இல்லை.

சரி, வாங்குகிறவருக்கு லாபமா என்பதே பிள்ளைகளின் கேள்வி. சில வேளை லாபந்தான். நீங்கள் எப்படியும் போகவிருந்த கடை, எப்படியும் உண்ணவிருந்த அளவு, எப்படியும் போகக்கூடிய நாள், இம்மூன்றும் கூப்பனின் நிபந்தனைகளோடு பொருந்தினால் அது உண்மையான சேமிப்பு. எங்கள் வெள்ளி விழா விருந்தில் மூன்றும் பொருந்தவில்லை. பத்துப் பேராக உண்ணப் போகும் ஒரு குடும்பத்திற்கு அதே இரண்டாயிரம் வரம்பு ஒரு தடையாகவே இருந்திராது. ஆகவே கூப்பன் தன்னில்தான் தீயது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பரிசாகக் கொடுக்கும்போது கணக்கு வேறுபடுகிறது. வாங்குகிறவர் நிபந்தனையைப் படிப்பதில்லை, ஏனென்றால் அவர் உண்ணப் போவதில்லை. பெறுகிறவரும் படிப்பதில்லை, ஏனென்றால் பரிசைச் சோதித்துப் பார்ப்பது நாகரிகமல்ல. இந்த இரு மௌனங்களின் நடுவே கூப்பன் காலாவதியாகிறது.

காலாவதியாகும் கூப்பன் யாருக்கும் உதவாமல் போகிறது என்று எண்ண வேண்டாம். விற்கப்பட்டு, பயன்படுத்தப்படாமல் போகிறவை இந்த வணிகத்தின் வருமானத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 2010 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி பரிசு அட்டை ஐந்தாண்டுகளுக்குள் காலாவதியாகக் கூடாது. தள்ளுபடிக் கூப்பன்களிலும் வாங்கியவர் உண்மையில் செலுத்திய தொகைக்கு ஒரு நீண்ட ஆயுள் உண்டு. கூடுதலாகத் தருவதாகச் சொன்ன மதிப்புக்கு மட்டுமே குறுகிய கெடு. நம் நாட்டில் வங்கிகள் முதலானோர் வழங்கும் பரிசு அட்டைகள் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை; 10,000 ரூபாய் உச்சவரம்பு, குறைந்தது ஓராண்டு ஆயுள். ஓர் உணவகம் தன் கடைக்கென்றே தரும் சீட்டு அந்த விதிகளின் எல்லைக்குள் வருவதில்லை. ஆகையால்தான் பிள்ளைகள் கொடுத்த நானூறு ரூபாய் தொண்ணூறு நாட்களில் ஆவியாயிற்று. அவர்கள் செலுத்திய பணமாவது திரும்பியிருக்க வேண்டாமா என்று கேட்பது பேராசையல்ல என்றே நினைக்கிறேன்.

மதுரையில் இறையியல் பயின்ற நாட்களில் நானும் ஒரு கூப்பன்காரன்தான். கல்லூரிக்கு வெளியே ஒரு மெஸ்ஸில் பத்துச் சாப்பாட்டுக்கு டோக்கன் புத்தகம் வாங்கினால் ஒன்பதின் விலை. மஞ்சள் அட்டை, ரப்பர் முத்திரை. தேதி கிடையாது. விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்து நீட்டினாலும் மெஸ்காரர் கிழித்துக்கொண்டு இலை போடுவார். அந்தத் தள்ளுபடிக்குக் காரணம் இருந்தது: அவருக்குப் பணம் முன்னதாகக் கையில் கிடைத்தது, நாளை எத்தனை பேர் வருவார்கள் என்பதும் தெரிந்தது. நாங்கள் அவருக்குக் கொடுத்த நம்பிக்கைக்கு அவர் திருப்பிக் கொடுத்தது அந்தப் பத்தாவது சாப்பாடு.

இதைத்தான் அந்தத் தம்பதியரிடம் பிறகு சொன்னேன். இம்முறை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உட்கார்ந்து, ஒரு மாலை முழுவதும் கணக்குப் பார்த்த பின்பே சொன்னேன். 80 ரூபாய்ச் சாப்பாடு பத்துக்கு 720 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கும் ஓட்டுநர்களுக்கும் மட்டும். மே மாதத்தில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் டோக்கன்காரர்களுக்கு இரண்டு மேசை ஒதுக்கி வைப்பது என்று அம்மாள் தானாகவே சேர்த்துக்கொண்டார். என் ஆலோசனையைவிட அந்தச் சேர்க்கைதான் பலன் தந்தது. போன ஓட்டுநர்களில் பாதிப் பேராவது திரும்பியிருக்கிறார்கள். சங்கிலி சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்பு மீட்கப்பட்டது. கடையில் இன்னும் ஆறு மேசைகளே. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

வாலிபர் கூட்டத்துக்கு நான் கொடுத்த பதிலையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியை அம்மா தனியாக வசிக்கிறவர். இரவில் மலையிறங்க மாட்டார். எனவே கூப்பன் வேண்டாம், அந்த நானூறு ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அவரை நீங்களே அழைத்துப்போய் அவருடன் அமர்ந்து உண்ணுங்கள் என்றேன். எங்கே என்று அவர்கள் கேட்டபோது நான் எந்தக் கடையையும் சொல்லவில்லை. ஆலோசனை சொல்வதில் நான் இப்போது சற்றுக் கஞ்சன்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒன்று. அறுப்பின் பண்டிகை வருகிறது. வழக்கம்போல் மதிய உணவு டோக்கன்களை இரண்டு வாரம் முன்பே விற்கப் போகிறோம். ஒவ்வோர் ஆண்டும் வாங்கிவிட்டு வராதவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அந்தப் பணத்தைக் காணிக்கை என்று எண்ணி நாம் யோசியாமல் கணக்கில் சேர்த்துவந்தோம். செயலிக்காரரை இவ்வளவு நேரம் குறை சொன்ன பிறகு அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. இவ்வாண்டு டோக்கனின் பின்புறத்தில் இப்படி அச்சிடும்படி சபைக் குழுவாரிடம் கேட்டிருக்கிறேன்: வர இயலாதவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும், சொல்லாமல் இருந்துவிட்டால் அவர்கள் பங்குச் சாப்பாடு பொட்டலமாக அவர்கள் வீட்டுக்கே வரும். பொட்டலங்களை எடுத்துச் செல்ல இருசக்கர வாகனம் உள்ள நான்கு தம்பிகள் தேவை. பெயரைக் குருமனையில் கொடுக்கலாம்.